ஒலிக்கு இரண்டு காது வைத்தவர்



மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று பேரவை அண்ணன்மார் கேட்டார்கள். எடிசன், மார்கோனி, சர் சி.வி.ராமன், அப்துல் கலாம் எல்லோரையும் அதற்குள் மற்ற டிபார்ட்மென்ட்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள். நான் எடுத்திருப்பவர் பெயர் ஆலன் ப்ளம்லைன். இங்கிலாந்துக்காரர். 1942-ல் இறந்துபோனவர். ஒலித்துறையில் இருப்பவர்களுக்கு இவரைத் தெரியாமல் இருக்காது. நமக்குத்தான் பாடப் புத்தகத்தில் இவர் பெயர் வருவதில்லை. ஆனால் மிச்சம் கிடந்தவர் என்று நான் இவரை எடுக்கவில்லை. எனக்கும் இவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருட விடுதி விழா ஞாபகம் இருக்கிறதா? யூனியன் ரூம் கம்ப்யூட்டரை ஹோம் தியேட்டர் ரிசீவரோடு இணைத்துப் பாட்டுப் போடும் வேலை என்னிடம் விடப்பட்டது. வேலை என்ன பெரிய வேலை! கம்ப்யூட்டர் பக்கம் பச்சை ஓட்டையில் 3.5 மி.மீ. பின். ரிசீவர் பக்கம் இரண்டு ஆர்.சி.ஏ. பின், வெள்ளை இடது, சிவப்பு வலது. அவ்வளவுதான். கடையில் கிடைத்த வயர் நீளம் போதவில்லை. நடுவில் வெட்டி, வேறு வயர் வைத்து நானே சால்டர் செய்து, டேப் சுற்றி மேடை வரைக்கும் இழுத்தேன். முதல் வருடப் பையன், கையில் சால்டரிங் அயர்ன், கேட்க வேண்டுமா!

அன்றைக்கு எங்க அப்பா வந்திருந்தார். அவர் லாரி செட்டில் மூட்டை இறக்குகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். காலேஜ் கேட்டுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சவுண்டு நம்ம பையன்தான் போடுறான் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லியும் விட்டார்.

பாட்டைப் போட்டேன். உம்ம்ம் என்று ஒரு இரைச்சல். வயலின் வருகிறது, பக்கத் தாளமெல்லாம் வருகிறது, பாடகரைக் காணோம்! அவருடைய எதிரொலி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது மாதிரி. அதுவும் எல்லாம் பின்னாடி ஸ்பீக்கரில். நடு ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. அரங்கமே சிரித்தது. நண்பர்கள் அப்புறம் ஒரு மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயை மட்டும் அசைத்துப் பாடிக் காட்டினார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாப்பில் அப்பா, அந்தப் பாட்டே அப்படித்தானா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் லேப் சார் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். இடது வயர் சரி, வலது வயர் சரி, இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் வயர் டேப்புக்குள் கழன்று கிடந்தது. போர்டில் ஐந்து நிமிடத்தில் விளக்கினார். பாடகர் குரல் இடது வலது இரண்டிலும் ஒரே அளவாக இருக்கும், அதனால்தான் அவர் நடுவில் நிற்பதுபோல் கேட்கிறது. கிரவுண்ட் இல்லாவிட்டால் ரிசீவரின் கிரவுண்ட் இரண்டு சிக்னலுக்கும் நடுவே மிதக்கும். இடது பக்கத்துக்கு இடதில் வலதைக் கழித்ததில் பாதி போகும், வலது பக்கத்துக்கு அதையே தலைகீழாகத் திருப்பிப் போட்டது போகும். இரண்டிலும் ஒன்றாக இருந்தது கழிந்துபோகும், அதாவது பாடகர் காலி. ரிசீவரோ சரவுண்ட் மோடில் இருந்தது. அது இரண்டையும் கூட்டி நடு ஸ்பீக்கருக்கும், கழித்துப் பின் ஸ்பீக்கருக்கும் அனுப்பும். கூட்டினால் பூஜ்யம், கழித்தால் எல்லாமே. ஆகவேதான் நடு ஸ்பீக்கர் செத்தது, பின் ஸ்பீக்கர் கத்தியது.

இந்தக் கூட்டல் கழித்தலை ஒரு ஆள் 1931-லேயே எழுதி வைத்துவிட்டார், யாரென்று போய்த் தேடு என்றார் சார். தேடிக் கண்டுபிடித்த ஆள்தான் ப்ளம்லைன்.

ஆலன் டவர் ப்ளம்லைன் 1903-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி லண்டன் ஹாம்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். தந்தை ஜெர்மனியில் பிறந்து பிரிட்டிஷ் குடிமகனானவர். தாயார் ஸ்காட்லாந்து வழி வந்தவர். வசதியான குடும்பம். இதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை. நம் மாதிரி பஸ் பாஸுக்கு அலைந்தவர் இல்லை அவர். ஆனால் ஒரு சங்கதி உண்டு. பன்னிரண்டு வயதை நெருங்கியும் அவருக்குச் சரியாக வாசிக்க வரவில்லை! கணக்கு வரும், மின்சாரம் வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் வராது. ஏழு வயதிலேயே வீட்டு அழைப்பு மணியைப் பழுது பார்த்து, அப்பாவிடம் அதற்குப் பில் போட்டு நீட்டினாராம். பில்லின் கீழே தன்னை எலக்ட்ரிகல் இன்ஜினியர் என்று போட்டுக்கொண்டாராம். இதைப் படித்தபோது, எட்டாவது வரை இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தாலே வயிற்றைக் கலக்கிய எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது உண்மை.

வாசிக்கப் பழகியபின் அவர் நிற்கவில்லை. ஹைகேட் பள்ளியில் படித்து, ஸ்காலர்ஷிப்பில் 1921-ல் லண்டன் சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரிக்குப் போனார். நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்தார், லேட்டரல் என்ட்ரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டே வருடத்தில் முதல் வகுப்பில் பட்டம் வாங்கினார்.

1924-ல் டெலிபோன் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. பக்கத்துப் பக்கத்து வயர்களில் போகும் பேச்சு ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும் தொல்லை அப்போது பெரிய தலைவலி. அதைக் குறைக்கும் வேலை இவருடையது. இரண்டு வயரில் போவதைச் சமப்படுத்துவது, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வேண்டாததை ஒழிப்பது, இந்தப் பாடத்தை இவர் இங்கேதான் கற்றிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பின்னால் அவர் செய்ததில் பாதி இதே வித்தைதான்.

1929-ல் கொலம்பியா கிராஃபோபோன் கம்பெனிக்கு மாறினார். அங்கே ஜெனரல் மேனேஜர் ஐசக் ஷோன்பெர்க். ரஷ்யாவிலிருந்து வந்தவர், ஆளைப் பார்த்து எடை போடத் தெரிந்தவர். அந்தக் காலத்தில் இசைத்தட்டில் மின்சார முறையில் பாட்டைப் பதிய அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் முறைதான் வழி. அதற்கு ராயல்டி அழ வேண்டும். அந்தக் காப்புரிமையில் மாட்டாமல் வேறொரு முறை கண்டுபிடி என்பதுதான் ப்ளம்லைனுக்கு இடப்பட்ட முதல் கட்டளை. கண்டுபிடித்தும் விட்டார்! மூவிங் காயில் முறையில் தட்டை வெட்டும் புதுத் தலை ஒன்றைச் செய்தார். அதற்கேற்ற மைக்கையும் ஹோல்மன் என்ற சகாவோடு சேர்ந்து செய்தார். கம்பெனிக்கு ராயல்டி மிச்சம். 1931-ல் கொலம்பியாவும் கிராமபோன் கம்பெனியும் இணைந்து இ.எம்.ஐ. ஆனது. லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸ் என்ற ஊரில் அதன் ஆராய்ச்சிக் கூடம்.

அதே 1931-ல்தான் அந்தச் சினிமா சம்பவம். பிற்பாடு தனக்கு மனைவியாகப் போகும் டோரீனோடு படம் பார்க்கப் போயிருந்தார். பேசும் படம் வந்த புதுசு. திரையில் நடிகர் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு நடந்து போகிறார், குரல் மட்டும் ஒரே இடத்தில் இருந்து வருகிறது. நாமாக இருந்தால் முறுக்கைக் கடித்துக்கொண்டு படத்தைப் பார்த்திருப்போம். இவருக்கு அது உறுத்தியது. நடிகர் போகும் இடமெல்லாம் குரலும் கூடப் போவதற்கு ஒரு வழி தன்னிடம் இருப்பதாக டோரீனிடம் சொன்னாராம். டிசம்பர் 14-ந் தேதி காப்புரிமைக்கு மனுப் போட்டார். எண் 394,325. அதில் 70 உரிமைக் கோரிக்கைகள்! ஸ்டீரியோ என்ற வார்த்தையை அவர் பயன்படுத்தவில்லை. இரு செவி ஒலி என்ற பொருளில் பைனாரல் என்றுதான் வைத்தார்.

கொஞ்சம் டெக்னிகலாகப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஒருவர் கூப்பிட்டால் ஒலி முதலில் இடது காதுக்கு வந்து, பிறகு தலையைச் சுற்றி வலது காதுக்குப் போகிறது. வித்தியாசம் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. அதை வைத்தே மூளை திசையைக் கண்டுபிடித்துவிடுகிறது. சரி, இரண்டு மைக் வைத்துப் பதிந்து இரண்டு ஸ்பீக்கரில் விட்டால் முடிந்ததா? முடியாது. ஸ்பீக்கரில் விடும்போது இடது ஸ்பீக்கர் ஒலி வலது காதுக்கும் போகுமே, வலது ஸ்பீக்கர் ஒலி இடது காதுக்கும் வருமே! ப்ளம்லைன் கண்டது என்னவென்றால், ஸ்பீக்கரில் நேர வித்தியாசத்தைவிட சத்த அளவின் வித்தியாசத்தைக் கொடுத்தால் காது அதைத் திசையாக ஏற்றுக்கொள்ளும் என்பதை. ஆகவே இரண்டு மைக்கின் சிக்னலையும் கூட்டி ஒன்று, கழித்து ஒன்று எடுத்தார். கழித்ததை மட்டும் ஒரு சர்க்யூட்டில் திருத்தினார். திரும்பக் கூட்டிக் கழித்து இடதும் வலதுமாகப் பிரித்தார். நேர வித்தியாசம் அளவு வித்தியாசமாக மாறிவிட்டது. பார்த்தால் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா. யாருக்கும் தோன்றவில்லையே!

இரண்டு சிக்னலை ஒரே தட்டில் எப்படிப் பதிவது என்பதையும் அதே காப்புரிமையில் எழுதினார். தட்டின் பள்ளம் ஆங்கில வி எழுத்து போல. அதன் ஒரு சுவரில் இடது, மறு சுவரில் வலது, இரண்டும் 45 டிகிரி சாய்வில். இதில் ஒரு அழகு இருக்கிறது பாருங்கள். இரண்டின் கூட்டல் ஊசியைப் பக்கவாட்டில் ஆட்டும், கழித்தல் மேலும் கீழும் ஆட்டும். மோனோ தட்டில் ஊசி பக்கவாட்டில்தான் ஆடும். எனவே பழைய தட்டைப் புது பிளேயரில் போட்டால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி ஒலி வந்து பாட்டு நடுவில் கேட்கும். பழசைத் தூக்கி எறியச் சொல்லாத புதுமை. நமது கம்யூனிகேஷன் பாடத்தில் எஃப்.எம். ஸ்டீரியோ படிக்கிறோமே, கூட்டலை நேராக அனுப்பி, கழித்தலை 38 கிலோ ஹெர்ட்ஸில் ஏற்றி அனுப்புவது? மோனோ ரேடியோ கூட்டலை மட்டும் எடுத்துக்கொள்ளும், ஸ்டீரியோ ரேடியோ இரண்டையும் எடுத்துப் பிரித்துக்கொள்ளும். அமெரிக்காவில் 1961-ல் அனுமதிக்கப்பட்ட அந்த முறையிலும் இதே கணக்குதான். தேர்வில் பதினான்கு மார்க் கேள்வி என்று நான் மனப்பாடம் செய்துவைத்திருந்தது இப்போதுதான் புரிந்தது.

1934 ஜனவரியில் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் சர் தாமஸ் பீச்சம் மோசார்ட்டின் ஜூபிடர் சிம்பொனியை நடத்தியபோது ப்ளம்லைன் அதை ஸ்டீரியோவில் பதிந்தார். 1935-ல் சோதனைப் படங்கள் எடுத்தார். மேடையில் ஆட்கள் பேசிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடப்பது ஒன்று. ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து தெரியும் ஹேய்ஸ் ஸ்டேஷனில் ரயில்கள் போவதும் வருவதும் ஒன்று. ரயில் என்றால் அவருக்கு உயிர் என்கிறார்கள். நடிகர் போகும் பக்கம் குரல் போனது, ரயில் போகும் பக்கம் சத்தம் போனது. சினிமாக் கொட்டகையில் சொன்ன வார்த்தையை நான்கே வருடத்தில் செய்து காட்டிவிட்டார்.

ஆனால் கம்பெனி அதை ஓரத்தில் வைத்துவிட்டது! வியாபாரத்துக்கு அப்போது தேவைப்பட்டது தொலைக்காட்சி. ப்ளம்லைனும் அந்தப் பக்கம் திருப்பி விடப்பட்டார். ஷோன்பெர்க் தலைமையில் அவர்கள் உருவாக்கிய 405 வரி முறையில் 1936 நவம்பர் 2-ந் தேதி அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பி.பி.சி. ஒளிபரப்பைத் தொடங்கியது. பெயர்டின் முறையும் மாறி மாறிப் போட்டியில் இருந்தது. 1937-ல் அதை விட்டுவிட்டு இதையே வைத்துக்கொண்டார்கள். இந்த 405 வரி பிரிட்டனில் 1985 வரை ஓடியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்-ஆம்ப்பின் உள்ளே நுழைந்ததும் வரும் டிஃபரன்ஷியல் ஜோடி இருக்கிறதே, லேபில் நாம் போர்டில் குத்திக் குத்திப் பார்ப்பது, அதன் மூதாதையான லாங்-டெய்ல்டு பேர் என்ற வால்வு சர்க்யூட்டுக்கும் 1936-ல் காப்புரிமை எடுத்தவர் இவரே. மறுபடியும் கழித்தல்! மொத்தம் 128 காப்புரிமைகள். எல்லாவற்றையும் எழுத மலர்க் குழு இடம் தராது.

1933-ல் டோரீனை மணந்தார். இரண்டு ஆண் குழந்தைகள். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

பிறகு யுத்தம் வந்தது. இரவிலும் மேகத்திலும் கீழே உள்ள நிலத்தைத் திரையில் காட்டும் எச்2எஸ் என்ற விமான ராடாரில் ப்ளம்லைன் வேலை செய்தார். அதன் உள்ளே மேக்னட்ரான் என்ற பரம ரகசியமான வால்வு. நடிகரின் குரலை நடிகரோடு போகச் செய்த மூளை, கடைசியில் குண்டு போடும் விமானத்துக்கு ஊரைக் காட்டும் கருவிக்குப் போய்ச் சேர்ந்தது. எதிரே ஹிட்லர் நிற்கிறான், வேறு என்ன செய்ய முடியும் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அந்த ராடாரோடு 1943 ஜனவரியில் முதல் முதலாகப் போனது ஹாம்பர்க் நகரத்தின் மேல். அங்கேயும் வீடுகள் இருந்தன. எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

அதைப் பார்க்க ப்ளம்லைன் இருக்கவில்லை. 1942 ஜூன் 7-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, டெஃபோர்டு விமானத் தளத்திலிருந்து ஹாலிஃபாக்ஸ் வி9977 என்ற விமானம் ராடார் சோதனைக்காகக் கிளம்பியது. உள்ளே பதினொரு பேர். ப்ளம்லைனும், இ.எம்.ஐ. சகாக்களான பிரௌன், ப்ளைத்தன் ஆகியோரும் அதில் இருந்தார்கள். பறக்கும்போது ஒரு எஞ்சினில் தீப்பிடித்தது. தீ இறக்கைக்குப் பரவி, வெல்ஷ் பிக்னர் என்ற கிராமத்துக்கு அருகே விமானம் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. ப்ளம்லைனுக்கு 39 வயது முடிய மூன்று வாரம் பாக்கி.

விசாரணையில் என்ன தெரிந்தது தெரியுமா? பராமரிப்பின்போது எஞ்சின் வால்வை இயக்கும் டாப்பெட்டில் ஒரு நட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். அது தளர்ந்து, வால்வு ஒடிந்து, அதனால் வந்த தீ. ஒரு நட்டு! இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் டேப்புக்குள் கழன்று கிடந்த கிரவுண்ட் வயர்தான் கண்ணுக்கு வந்தது. மெக்கானிகல் நண்பர்கள் இந்தப் பாராவை இன்னொரு தரம் படிக்கவும்.

ராடார் ரகசியம் என்பதால் அவர் மரணமும் ரகசியமாயிற்று. யுத்த காலத்தில் உரிய இரங்கல் செய்தி கூட வெளியாகவில்லை. விபத்து நடந்த இடத்துக்கு அன்றிரவே ஆட்கள் போனது சிதறிக் கிடந்த மேக்னட்ரானைப் பொறுக்கி எடுக்க. யுத்தம் முடிந்து உலகம் மூச்சு விட்டபோது பெயர் மங்கிவிட்டது. அமெரிக்காவில் வெஸ்ட்ரெக்ஸ் என்ற கம்பெனி தானாகவே 45 டிகிரி தட்டை உருவாக்கியது. 1958-ல் ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்து சக்கைப் போடு போட்டன. ப்ளம்லைனின் காப்புரிமை அதற்குள் காலாவதியாகியிருந்தது. வாழ்க்கை வரலாறு புத்தகமாக வர 1999 ஆயிற்று. ஈலிங்கில் அவர் குடியிருந்த வீட்டில் 1977-ல் நீலப் பலகை வைத்தார்கள். 2015-ல் அபே ரோடு ஸ்டூடியோவில் ஐ.இ.இ.இ. அமைப்பின் பலகை. 2017-ல் கிராமி விருதுக்காரர்கள் டெக்னிகல் கிராமியை அவர் பெயருக்குக் கொடுத்தார்கள். செத்து 75 வருடம் கழித்து!

இந்த வருட விடுதி விழாவுக்கும் சவுண்டு நான்தான். அண்ணன்மார்கள் பயந்தார்கள், சார்தான் கொடுங்கள் என்றார். இந்தத் தடவை எச்.டி.எம்.ஐ. கேபிளில் கொடுத்துவிடலாம், தனித்தனியாக ஆறு சேனலும் போகும் என்று ஒருவர் சொன்னார். அது சுலபம்தான். நான் பழைய வயரையே எடுத்தேன். டேப்பைப் பிரித்து, மூன்று வயரையும் புதிதாகச் சால்டர் செய்து, ஸ்லீவ் போட்டு, மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பீப் சத்தம் கேட்டுப் பார்த்தேன். கிரவுண்டை மட்டும் மூன்று தடவை.

அப்பாவும் வந்திருந்தார். வருவாரோ மாட்டாரோ என்று இருந்தது. பாட்டுக்கு முன்னால் அந்த ஹேய்ஸ் ஸ்டேஷன் படத்தைப் போட்டேன், இணையத்தில் கிடைக்கிறது. கறுப்பு வெள்ளை, ஒன்றும் பெரிதாக நடக்காது, புகை விட்டுக்கொண்டு ரயில் போகும், அவ்வளவுதான். கூட்டத்தில் பாதிப் பேர் இது என்னடா என்று பேச ஆரம்பித்தார்கள். நான் ரிசீவர் பக்கத்தில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் திரையை விட்டுப் போன பிறகும் சத்தம் போன பக்கமாகவே அவர் தலை திரும்பியிருந்தது.

— இரண்டாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை